காந்தத்துக்கும் ஆயுசு உண்டா? பள்ளி சட்டகாந்தம் முதல் பட்டன் காந்தம் வரை, களக்காட்டில் இருந்து ஒரு பாடம்

ஆறாம் வகுப்பில் ‘காந்தவியல்’ பாடம் வந்ததும் பள்ளி ஆய்வக அலமாரி திறக்கும். ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம் அடித்த சட்டகாந்தம் வெளியே வரும். நூலில் கட்டித் தொங்கவிட்டால் அது வடக்கு - தெற்காக நிற்க வேண்டும். பல நேரம் நிற்காது. சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் எங்கோ ஒரு மூலையைப் பார்த்து நின்றுவிடும். குண்டூசி டப்பாவில் வைத்தால் இரண்டு, மூன்று ஒட்டும், தூக்கும்போதே விழுந்துவிடும். “சரி, வடக்கு தெற்கா நிற்கும்னு எழுதிக்கோங்க” என்று பாடம் முடியும்.

பாடத்தில் தப்பில்லை. காந்தம் வலுவிழந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு மனதில் பதிவது வேறு: அறிவியல் என்பது கண்ணால் பார்ப்பது இல்லை, புத்தகத்தைப் பார்த்து எழுதுவது.

திருநெல்வேலி மாவட்டம் களக்காடு மாதிரி ஒரு ஊரில் இது நடந்தால் இழப்பு இன்னும் அதிகம். காரணம், காந்த ஊசி திசை காட்டுவதற்கு மிகவும் சாதகமான பகுதிகளில் ஒன்று இது. அது எப்படி? காந்தம் ஏன் வலுவிழக்கிறது? வீட்டில் பிள்ளைகள் இருந்தால் எந்தக் காந்தத்தைக் கண்டு பயப்பட வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

களக்காட்டில் அப்படி என்ன விசேஷம்?

பூமியே ஒரு பெரிய காந்தம் என்று 1600-ம் ஆண்டு சொன்னவர் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் கில்பர்ட். அந்தக் காந்தத்தின் விசைக்கோடுகள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. துருவப் பகுதிகளில் தரைக்குள் செங்குத்தாக இறங்கும். நடுவில் ஓரிடத்தில் தரைக்கு இணையாகப் படுத்துவிடும். அப்படிப் படுக்கும் இடங்களை இணைத்தால் கிடைக்கும் கோடுதான் காந்த நிலநடுக்கோடு. வரைபடத்தில் நாம் பார்க்கும் நிலநடுக்கோட்டில் இருந்து இது விலகி, இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது.

அதனால் டெல்லியில் ஒரு காந்த ஊசியை எந்தப் பக்கமும் சாயும்படி தொங்கவிட்டால், அதன் வடமுனை 40 டிகிரிக்கும் மேல் தரையை நோக்கிச் சாயும். லண்டனில் 60 டிகிரியைத் தாண்டும். களக்காட்டில் அதே ஊசி கிட்டத்தட்ட படுக்கையாகவே நிற்கும்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. திசைகாட்டும் ஊசியைத் திருப்புவது பூமியின் காந்தப்புலத்தில் கிடைமட்டமாக இருக்கும் பகுதி மட்டும்தான். டெல்லியில் மொத்தக் காந்தப்புலம் நெல்லையைவிட அதிகம். ஆனால் அதில் பெரும்பங்கு தரைக்குள் இறங்கிவிடுகிறது. நெல்லைப் பக்கம் இருக்கும் சுமார் 40 மைக்ரோ டெஸ்லாவும் ஏறக்குறைய முழுசாகக் கிடைமட்டத்தில் கிடைக்கிறது. ஆக, ஊசியைத் திருப்பும் விசை டெல்லியைவிட இங்கேதான் அதிகம்.

அதாவது, களக்காட்டுப் பள்ளியிலேயே சட்டகாந்தம் வடக்கு - தெற்காக நிற்கவில்லை என்றால் குறை பூமியிடம் இல்லை. காந்தத்திடம் அல்லது பக்கத்தில் இருக்கும் இரும்பு மேஜையிடம்தான்.

உங்கள் கையில் இருக்கும் ஸ்மார்ட்போனிலேயே இதைச் சோதிக்கலாம். திசைகாட்டி வசதி உள்ள போன்களில் காந்தப்புலத்தை அளக்கும் சென்சார் இருக்கும். சென்சார் அளவைக் காட்டும் ஆப் ஒன்றில் பார்த்தால், இரும்பு, வயர், பைக் எதுவும் இல்லாத திறந்த வெளியில் 40-ஐ ஒட்டி எண் வரும். காந்தக் கிளிப் வைத்த போன் கவரைக் கழற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அதே போனை பைக் இன்ஜின் பக்கம் கொண்டுபோனால் எண் தாறுமாறாக ஓடும்.

அகத்தியமலை உச்சியில் ஒரு காந்த ஆய்வகம்

இந்தப் பகுதியின் மகிமை விஞ்ஞானிகளுக்குப் புதிதில்லை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் ஆலன் புரூன், 1852-ல் திருவனந்தபுரத்தில் இருந்த திருவிதாங்கூர் மகாராஜாவின் வானாய்வகத்துக்கு இயக்குநராக வந்தார். பூமியின் காந்தம் ஒரே நாளுக்குள் எப்படியெல்லாம் மாறுகிறது என்று அளப்பதுதான் அவரது ஆர்வம். கடல் மட்டத்தை ஒட்டிய ஊரில் அளந்தால் மட்டும் போதாது, உயரத்திலும் அளந்து ஒப்பிட வேண்டும் என்று நினைத்தார்.

அதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் அகத்தியமலை உச்சி. தாமிரபரணி பிறக்கும் பொதிகையின் சிகரம். இன்று களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகத்தை ஒட்டி நிற்கும் அதே மலை. சுமார் 1,868 மீட்டர் உயரம். 1855-ல் அங்கே காந்தத்தையும் வானிலையையும் அளக்கும் ஆய்வகத்தை அமைத்தார். ரோடு இல்லாத காட்டுக்குள் கருவிகள் மேலே போயின. திருவனந்தபுரத்திலும் மலை உச்சியிலும் எடுத்த அளவீடுகள் 1874-ல் புத்தகமாகவே வெளிவந்தன.

இன்றும் அந்த வேலை நிற்கவில்லை. இந்திய புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வு மையம் ஒன்று திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இருக்கிறது. காந்த நிலநடுக்கோட்டுக்கு மேலே, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு மின்னோட்டம் ஆறு மாதிரி ஓடுகிறது. அது தரையில் உள்ள காந்தப்புலத்தையும் லேசாக அசைக்கும். அதைப் படிப்பதற்குத்தான் நெல்லை. ராக்கெட் ஏவ தும்பா தேர்வானதற்கும் இதே காந்த நிலநடுக்கோடுதான் முக்கியக் காரணம்.

காந்தத்துக்குள் என்ன நடக்கிறது?

பள்ளியில் காலை பிரேயரை நினைத்துப் பாருங்கள். எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து வரிசையாக நிற்பார்கள். இன்டர்வெல் மணி அடித்ததும் ஆளுக்கொரு திசை. ஆட்கள் அதே ஆட்கள்தான், வரிசை மட்டும் கலைந்துபோகும்.

இரும்புக்குள்ளும் இதேதான். அணுக்கள் குட்டிக் குட்டிக் கூட்டங்களாக இருக்கும். ஒவ்வொரு கூட்டமும் ஒரு சின்னக் காந்தம். சாதாரண இரும்பில் அந்தக் கூட்டங்கள் ஆளுக்கொரு திசை பார்ப்பதால், ஒன்றின் விசையை இன்னொன்று அடித்துவிடும். அவற்றில் பெரும்பாலானவை ஒரே பக்கம் திரும்பினால் அந்த இரும்பு காந்தம் ஆகிவிடும்.

இதைப் பிடித்துக்கொண்டால் பாடப்புத்தகத்தின் பாதி விதிகள் தானாகப் புரியும்.

ஒரே மாதிரி முனைகள் விலக்கும், வேறு முனைகள் ஈர்க்கும். காந்தத்தை இரண்டாக உடைத்தால் வடமுனை ஒரு துண்டு, தென்முனை ஒரு துண்டு என்று பிரியாது. வரிசையைப் பாதியாக வெட்டினாலும் இரண்டு பாதியும் அதே பக்கம்தானே பார்க்கும்? அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு முனைகள் வந்துவிடும். ஈர்ப்பு அதிகம் முனைகளில். இரும்புத்தூளில் புரட்டினால் நடுவில் ஒன்றும் ஒட்டாது.

ஒரு பொருள் காந்தம்தானா என்று கண்டுபிடிக்க ஈர்ப்பை நம்பக்கூடாது. காந்தமே இல்லாத வெறும் இரும்பும் ஈர்க்கப்படும். விலக்கினால் மட்டுமே அது காந்தம் என்பது உறுதி. ‘விலக்குதலே சரியான சோதனை’ என்று டீச்சர் சொன்னதன் பொருள் இதுதான்.

எல்லா எவர்சில்வரும் ஒட்டுமா?

அறை வெப்பநிலையில் காந்தம் நன்றாக ஈர்க்கும் தனிமங்களில் நமக்குப் பழக்கமானவை இரும்பு, நிக்கல், கோபால்ட். தாமிரம், அலுமினியம், பித்தளை, தங்கம், வெள்ளி ஒட்டாது.

எவர்சில்வர்தான் குழப்பும். அதில் பல ரகம் உண்டு. நிக்கல் அதிகம் சேர்ந்த ரகம் காந்தத்தில் ஒட்டாது, நிக்கல் சேராத ரகம் ஒட்டும். நிக்கலே காந்தம் ஈர்க்கும் உலோகம்தான், ஆனால் அது சேரும்போது எவர்சில்வரின் உள் அமைப்பு மாறிவிடுகிறது. இன்டக்‌ஷன் அடுப்பு வாங்கியவர்களுக்கு இது உடனடியாகப் பயன்படும். பாத்திரத்தின் அடியில் காந்தம் நன்றாக ஒட்டினால் பெரும்பாலும் அது அடுப்பில் வேலை செய்யும். கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் காந்தம் பையில் இருந்தால் போதும்.

எத்தனை வகைக் காந்தங்கள்?

பரீட்சைக்கு எழுதும் பதில்: இயற்கைக் காந்தம், செயற்கைக் காந்தம். மேக்னடைட் என்ற இரும்புத் தாதுக் கல் இயற்கைக் காந்தம். சட்டம், லாடம், வளையம், ஊசி என்று மனிதர் செய்வதெல்லாம் செயற்கை. கம்பிச்சுருளில் மின்சாரம் ஓடும் வரை மட்டும் வேலை செய்வது மின்காந்தம். காலிங் பெல்லும் மோட்டாரும் அதனால்தான் இயங்குகின்றன.

வீட்டில் பயன்படும் பதில் வேறு. வடிவத்தைவிட அது எதனால் செய்யப்பட்டது என்பதுதான் முக்கியம்.

எஃகு, அல்னிகோ: பழைய பள்ளி சட்டகாந்தங்கள் பெரும்பாலும் இவை. அல்னிகோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த இரும்புக் கலவை. சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் இன்னொரு காந்தம் தப்பாகப் பக்கத்தில் இருந்தாலே இவற்றின் வரிசை கலைந்துவிடும்.

ஃபெரைட்: ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கும் கறுப்பு வளையம், ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பருக்குள் இருக்கும் பட்டை. விலை குறைவு, துருப்பிடிக்காது, சீக்கிரம் வலுவிழக்காது. கீழே போட்டால் பீங்கான் மாதிரி உடையும்.

நியோடிமியம்: 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாக உருவானது. வெள்ளி மாதிரி மின்னும். பட்டன் அளவு இருந்தாலும் பிடி இரும்புப் பிடி. இயர்போன், போன் ஸ்பீக்கர், மின்சார ஸ்கூட்டர் மோட்டார் எல்லாவற்றிலும் உண்டு. சாதாரண ரகங்கள் சுமார் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வலுவிழக்கத் தொடங்கும்.

நியோடிமியத்துக்கும் தெற்குச் சீமைக்கும் ஒரு தொடர்பு உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. நியோடிமியம் உள்ளிட்ட அரிய மண் தனிமங்கள் அதற்குள்தான் இருக்கின்றன. 2025 ஏப்ரலில் சீனா இந்த வகைக் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் நம் ஊர் வாகன நிறுவனங்கள் திணறின. அதே ஆண்டு நவம்பரில், இந்தியாவிலேயே இவற்றைத் தயாரிக்க 7,280 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பட்டன் அளவு பொருள்தான், அதன் பின்னால் பெரிய அரசியல் இருக்கிறது.

காந்தம் எதனால் வலுவிழக்கிறது?

பிரேயர் வரிசையை எதெல்லாம் கலைக்குமோ அதெல்லாம்தான்.

அடி: கீழே போடுவது, சுத்தியலால் தட்டுவது. ஒவ்வொரு அதிர்ச்சியிலும் சில கூட்டங்கள் திசை மாறும். எஃகுக் காந்தத்துக்கு இது பெரிய எதிரி.

சூடு: சூடேறினால் அணுக்களின் ஆட்டம் கூடும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எல்லை உண்டு. இரும்புக்கு அது 770 டிகிரி செல்சியஸ். அதைத் தாண்டினால் காந்தத் தன்மை மொத்தமாகப் போய்விடும். பியர் கியூரி 1895-ல் இதை ஆராய்ந்தார். அந்த எல்லைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

தப்பான கூட்டு: இரண்டு சட்டகாந்தங்களை வடமுனையோடு வடமுனை சேரும்படி ஒரே பெட்டியில் திணித்து வைத்தால், வருஷம் முழுக்க ஒன்றின் வரிசையை இன்னொன்று கலைத்துக்கொண்டே இருக்கும். மோசமானால் முனையே மாறிவிடும். சிவப்பு முனை தெற்கு காட்டும் காந்தங்கள் சில ஆய்வகங்களில் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெட்டியில் எப்படி வைக்க வேண்டும்?

இரண்டு சட்டகாந்தங்களை இணையாகப் படுக்க வையுங்கள். ஒன்றின் வடமுனைக்குப் பக்கத்தில் மற்றதன் தென்முனை வர வேண்டும். நடுவில் ஒரு மரக்கட்டை. இரண்டு ஓரங்களிலும் முனைகளை இணைக்கும்படி தேனிரும்புத் துண்டு ஒவ்வொன்று. இப்போது விசைக்கோடுகள் வெளியே அலையாமல் காந்தம், இரும்பு, காந்தம் என்று வட்டமாக உள்ளேயே சுற்றிவரும். லாட காந்தத்துக்கு இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரே ஒரு இரும்புத் துண்டு போதும்.

பெட்டியோடு வரும் அந்த இரும்புத் துண்டுகளைத்தான் பலர் ‘என்னமோ பழைய இரும்பு’ என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அதைத் தொலைக்காமல் வைப்பதுதான் முதல் பராமரிப்பு.

வேறு சில:

- காந்தத்தை இழுத்துப் பிடுங்காமல் சறுக்கி எடுங்கள். கீழே விழாது, உடையாது.
- கடற்கரை மணலில் விளையாடும் முன் பாலித்தீன் கவருக்குள் போட்டுவிடுங்கள். கவரைக் கழற்றினால் கறுப்பு மணல் தானாகக் கொட்டிவிடும். நேரடியாக ஒட்டினால் சுத்தம் செய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.
- வெயிலில் நிற்கும் கார் டேஷ்போர்டு, அடுப்பு மேடை பக்கம் வைக்காதீர்கள்.
- காந்த ஊசிப்பெட்டியைப் பெரிய காந்தத்தோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள். ஊசியின் முனை மாறிவிடலாம்.
- வருஷ ஆரம்பத்தில் ஒவ்வொரு சட்டகாந்தத்தையும் தொங்கவிட்டுப் பாருங்கள். வலுவிழந்த எஃகுக் காந்தத்தை ஒரு வலுவான காந்தத்தால் ஒரே திசையில் பலமுறை தேய்த்தால் ஓரளவு மீட்கலாம்.

இரும்பைத் தள்ளி வைப்பது பள்ளி மேஜைக்கு மட்டும் உள்ள விதி இல்லை. மும்பை கொலாபாவில் 19-ம் நூற்றாண்டில் புகழோடு இருந்த காந்த ஆய்வகத்துக்கு, ஊருக்குள் மின்சார டிராம் வரப்போகிறது என்பதே பிரச்னை ஆனது. டிராமின் மின்சாரம் அளவீடுகளைக் கெடுத்துவிடும் என்பதால் 1904-ல் காந்த அளவீட்டை அலிபாகுக்கு மாற்றினார்கள். அங்கே கட்டடத்தையே காந்தத் தன்மை இல்லாத பொருட்களால் கட்டினார்கள்.

பயப்பட வேண்டிய காந்தம் எது?

சட்டகாந்தத்தால் பிள்ளைக்கு ஆபத்து குறைவு. பளபளக்கும் குட்டி நியோடிமியம் உருண்டைகளும் பட்டன்களும்தான் ஆபத்து. மிட்டாய் மாதிரி இருக்கும், வாயில் போனதே தெரியாது.

ஒரு காந்தத்தை விழுங்கினால் அது பெரும்பாலும் தானாக வெளியேறலாம். இரண்டு போனால் கதை வேறு. குடலின் இரு வேறு மடிப்புகளில் இருந்தபடி அவை ஒன்றையொன்று இழுக்கும். நடுவில் மாட்டும் குடல் சுவரில் ரத்த ஓட்டம் நின்று ஓட்டை விழலாம். காந்தத்தோடு வேறு இரும்புப் பொருளை விழுங்கினாலும் இதே நிலைதான். ஆரம்பத்தில் லேசான வயிற்றுவலி, வாந்தி மட்டும் இருக்கும். ‘சாப்பாடு சேரல போல’ என்று விட்டுவிட வாய்ப்பு அதிகம்.

எத்தனை விழுங்கியது என்று பிள்ளையால் சரியாகச் சொல்ல முடியாது. ஆகவே சந்தேகம் வந்தாலே போதும்:

- வலி வரட்டும், காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். உடனே எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். தேவைப்பட்டால் 108.
- வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாழைப்பழம் கொடுத்தால் வெளியே வந்துவிடும் என்ற கைவைத்தியம் வேண்டாம்.
- ‘காந்தம் விழுங்கியிருக்கலாம்’ என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். திருவிழாக் கடையிலோ ஆன்லைனிலோ முத்திரை இல்லாத காந்தப் பொம்மையை வாங்காதீர்கள். உடைந்து காந்தம் வெளியே தெரியும் பொம்மையை அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.

தாத்தா பாட்டிக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா? வலுவான காந்தமும், பின்பக்கம் காந்தம் உள்ள போனும் அந்தக் கருவியின் வேலையைப் பாதிக்கலாம். சட்டைப் பையில் வேண்டாம். குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளியே இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்க ஒரு சோதனை

தையல் ஊசி ஒன்று, மெல்லிய நூல் ஒன்று. ஊசியின் நடுவில் நூலைக் கட்டி, சாயாமல் படுக்கையாக நிற்கும்படி சரிசெய்யுங்கள். முடிச்சு நகராமல் இருக்க ஒரு துளி பசை. காய்ந்த பிறகு காந்தத்தின் ஒரு முனையால் ஊசியை ஒரே திசையில் 30, 40 முறை தேயுங்கள். ஒவ்வொரு முறையும் காந்தத்தைத் தூக்கி ஆரம்ப இடத்துக்கே கொண்டுவர வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் வரிசை சேராது. இரும்புக் கட்டில், கிரில் கதவு எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில், காற்று படாமல் தொங்கவிடுங்கள்.

கொஞ்ச நேரம் ஆடிவிட்டு ஊசி வடக்கு - தெற்காக நிற்கும். களக்காட்டில் என்றால், தேய்க்கும் முன் இருந்த மாதிரியே படுக்கையாகவும் நிற்கும். டெல்லியில் வேலை பார்க்கும் அண்ணனையோ அக்காவையோ வீடியோ காலில் கூப்பிட்டு அங்கேயும் இதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். அங்கே ஊசியின் வடக்கு முனை தரையைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும்.

ஏன் இப்படி என்று பிள்ளை கேட்கும். அப்போது திறக்கலாம் ஆறாம் வகுப்புப் புத்தகத்தை.